மைதானத்துக்கு இறங்காத கிளாரினெட்

நவம்பர் 4

முன்னாள் மாணவியர் சங்கம் பள்ளி பேண்டுக்குப் பன்னிரண்டு புதிய கிளாரினெட்டுகள் வாங்கித் தருகிறதாம். தாளாளர் காலையில் ஆசிரியர் அறைக்கு வந்து அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கிளாரினெட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

மரத்தில் வாங்குவதா பிளாஸ்டிக்கில் வாங்குவதா என்று மியூசிக் மிஸ் எப்சிபாவாகிய நானும் உடற்கல்வி ஆசிரியை முத்துப்பேச்சியும் கலந்து பேசி எழுதித் தர வேண்டுமாம். கலந்து பேசுவதாம்! இருபத்தோரு வருடமாக இந்தப் பள்ளியில் நான் இசை சொல்லித் தருகிறேன். அவள் வந்து மூன்று வருடம் ஆகிறது. விசில் தவிர வேறெதையும் அவள் ஊதிப் பார்த்ததில்லை.

மேல்மாடி இசை அறையில் நான் சொல்லிக்கொடுப்பதை அவள் கீழே மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை நடக்கவிடுகிறாள். அதற்குப் பெயர் பேண்டு. ஜனவரி 26 அணிவகுப்பில் கலெக்டர் முன்னால் அந்த நடையைக் காட்டுவதுதான் தாளாளருக்கு வருடத்தின் பெரிய விசேஷம். நான் மைதானத்துக்கு இறங்குவதில்லை. எனக்கு அங்கே வேலையும் இல்லை.

சாயங்காலம் வார் அறுந்துவிட்டது. மார்க்கெட் முக்கில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தேன். ரசம் வைத்தேன், உப்பு கூடிவிட்டது.

நவம்பர் 7

கலந்து பேசினோம். முத்துப்பேச்சி படியேறி வந்து, கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். என் அம்மாவுக்கு நான் ஒரே பெண். எனக்குத் தெரியாமல் இவள் எப்போது பிறந்தாள் என்று தெரியவில்லை.

பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றாள். வெயிலில் நிற்க வேண்டும், மழை தூறும், எட்டாம் வகுப்புப் பிள்ளை கை தவறிக் கீழே போட்டால்கூடத் தாங்க வேண்டும், மரம் கனம், முழுக் கனமும் வலது கட்டைவிரலில்தான் இறங்கும், அரை மணி நேரம் நடந்தால் பிள்ளைகளுக்கு விரல் மரத்துப்போகிறது என்று அடுக்கினாள். அவள் பேசியதில் சங்கீதம் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ஏதோ தண்ணீர்க் குடம் வாங்கப் போகிறவள் மாதிரி இருந்தது.

வீட்டில் வாளி பிளாஸ்டிக், முறம் பிளாஸ்டிக், குப்பைத்தொட்டி பிளாஸ்டிக், அதே வரிசையில் கிளாரினெட்டையும் வைக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். சிரித்தாள். இவளுக்கெல்லாம் ரோஷம் வராது.

நவம்பர் 10

கடைக்காரர் இரண்டு மாதிரிகள் கொண்டுவந்தார். ஒன்று கருமரம், ஒன்று பிளாஸ்டிக். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் துளைகளை மூடும் வெள்ளிச் சாவிகள். முத்துப்பேச்சிக்கு எது எது என்று தெரியவில்லை. தூக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். காய்கறிக் கடையில் பூசணியைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

பிறகு ஒரு யோசனை சொன்னாள். நான் திரும்பி நிற்க வேண்டுமாம், கடைக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றி ஊத வேண்டுமாம், எது மரம் என்று நான் சொல்ல வேண்டுமாம். கடைக்காரருக்கும் ஒரே உற்சாகம். நான் என்ன சந்தையில் வித்தை காட்டவா வந்திருக்கிறேன்? தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 11

பள்ளி விட்டதும் இசை அறையைப் பூட்டிக்கொண்டு இரண்டையும் வாசித்துப் பார்த்தேன். வெளியே நல்ல மழை, தகரக் கூரையில் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நவம்பர் 13

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'மாணவியரின் இசைத் தரம் உயர மரக் கிளாரினெட்டே ஏற்றது. தக்க பராமரிப்பில் மைதானத்திலும் அது நிலைத்து நிற்கும் என்று உறுதியளிக்கிறேன்.' என் கையெழுத்து மட்டும் போதும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். இசை என்று வந்தால் மிஸ் சொல்வதுதான் என்றார். அவருக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனாலும் சில சமயம் சரியாகப் பேசுகிறார்.

முத்துப்பேச்சி படியிறங்கிப் போனாள். மைதானத்தில் விசில் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

நவம்பர் 24

பன்னிரண்டும் வந்துவிட்டன. பெட்டியைத் திறந்ததும் மர வாசனை வந்தது. பிள்ளைகள் தொடவே பயந்தார்கள். பயப்படட்டும். ஒன்பதாம் வகுப்புப் பொன்சுதாவை முதலில் ஊதச் சொன்னேன். பேண்டில் காது உள்ளவள் அவள் ஒருத்திதான். மற்ற பதினொரு பேரும் காற்றை உள்ளே அனுப்பிவிட்டு நல்லதே நடக்கும் என்று காத்திருப்பவர்கள். பொன்சுதா ஊதியது எனக்கே பிடித்துவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. கழுத்தை நேராக வை என்று மட்டும் சொன்னேன்.

இசை அறையின் கூரை ஒழுகுகிறது. இவ்வளவு நல்ல சாமான்களை அங்கே வைக்க மனம் வரவில்லை. தாளாளரிடம் கேட்டு அவருடைய ஏசி அறை அலமாரியில் இடம் வாங்கிவிட்டேன். காலையும் மாலையும் பிள்ளைகள் வரிசையாகப் போய் எடுத்து வருவார்கள். கணக்கு டீச்சர் பொறாமையில் உதட்டைச் சுழித்தாள். அவளுடைய ஸ்கேலுக்கும் காம்பஸுக்கும் யார் ஏசி கொடுப்பார்கள்?

நவம்பர் 28

முத்துப்பேச்சியின் அதிகப்பிரசங்கித்தனத்துக்கு ஒரு அளவே இல்லை. பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு குறிப்புத்தாள் இருந்திருக்கிறது. நான் அதைப் பிரிக்கவில்லை. முப்பது வருடமாக ஊதுகிறவளுக்கு எதற்குக் குறிப்புத்தாள்? அவள் அதைப் பொறுக்கியெடுத்து, தமிழில் எழுதி, இசை அறைப் பலகையில் ஒட்டியிருக்கிறாள். புது மரத்தை முதல் மாதம் தினமும் கால் மணி நேரத்துக்கு மேல் ஊதக் கூடாதாம். ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைக்க வேண்டுமாம். ஏசியிலும் வெயிலிலும் மாற்றி மாற்றி வைக்கக் கூடாதாம். ஏதோ பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல் பத்து வரிகள். அதில் நான்கு எழுத்துப் பிழை. கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மத்தியானம் வந்து கேட்டாள். "அக்கா, அந்தத் தாளு எங்கக்கா? பிள்ளைய படிக்கட்டும்னு ஒட்டினேன்."

பிழையோடு எதையும் என் அறையில் ஒட்ட வேண்டாம் என்றேன். சரிக்கா என்று இறங்கிப் போனாள். தடதடவென்று இரண்டிரண்டு படியாக இறங்குவாள். அந்தச் சத்தமே எனக்குப் பிடிக்காது.

டிசம்பர் 5

தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் பயிற்சி. கிறிஸ்துமஸ் கீதவழிபாட்டுக்குப் பதினைந்து நாள்தான் இருக்கிறது. கால் மணி நேரம் ஊதினால் வாத்தியம் பழகாது, வாயும் பழகாது.

ஒருத்தி 'ப' ஸ்வரத்தில் நின்றுகொண்டு ஊர் பார்க்கிறாள். இன்னொருத்தி ஊதும்போது கண்ணை மூடுகிறாள், தூங்குகிறாளோ என்று சந்தேகம். தலையில் என்ன இருக்கிறது, களிமண்ணா என்று கேட்டேன். அழுதாள். அழுதபின் கொஞ்சம் நன்றாக ஊதினாள். ஆக, திட்டினால் பலன் உண்டு.

டிசம்பர் 9

மின்சாரக் கட்டணம் கட்டினேன். பால்காரர் வரவில்லை. மழை.

டிசம்பர் 21

கீதவழிபாடு முடிந்தது. பன்னிரண்டு பேரும் அரைவட்டமாக நாற்காலிகளில் உட்கார்ந்து வாசித்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து கையசைத்தேன். யாரும் நடக்கவில்லை, யாரும் கால் தூக்கவில்லை, யாரும் விசில் அடிக்கவில்லை. இசை என்றால் இதுதான். ஆயரே எழுந்து நின்று பாராட்டினார். தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருடம் முதல் உட்கார்ந்து வாசிக்கும் குழு ஒன்றும் தனியாக வேண்டும் என்று சொல்லி வைத்தேன். யோசிப்போம் என்றார்.

முத்துப்பேச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒண்ணும் புரியலைக்கா, ஆனா நல்லாருந்துச்சு என்றாள். புரியவில்லை என்று அவள் வாயாலேயே வந்தது. அதைத்தான் நான் மூன்று வருடமாகச் சொல்கிறேன்.

ஜனவரி 6

விடுமுறை முடிந்தது. கிளாரினெட்டுகள் மைதானத்துக்கு இறங்கிவிட்டன. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பிள்ளைகள் ஏசி அறையிலிருந்து எடுத்து நேராக வெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். மரம் சில்லென்று இருக்கிறதாம், பிடிக்கச் சுகமாக இருக்கிறதாம்.

மைதான ஓரத்தில், வேப்பமரத்தடியில், முத்துப்பேச்சி எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள். வருடா வருடம் போடுகிறாள். நான் வருடா வருடம் போவதில்லை. எதற்கு இந்த நாடகம்? மேலே ஜன்னல் வழியாகவே எல்லாம் கேட்கிறது.

ஜனவரி 9

கீச்சென்று சத்தம். ஒன்றிரண்டு இல்லை, நாலைந்து இடத்தில். ஜன்னலிலிருந்து கேட்கக் காது கூசியது. மைதானத்துக்குப் போனதும் பிள்ளைகள் வாயைக் கோணிக்கொள்கிறார்கள். நடந்துகொண்டே ஊதினால் இப்படித்தான் வரும் என்று எத்தனை முறை சொல்வது?

மாலையில் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஊமைக் கூட்டம்.

ஜனவரி 10

கண்டுபிடித்துவிட்டேன்.

பொன்சுதாவின் கிளாரினெட்டைக் கையில் வாங்கினேன். மேல் பாகத்தில் விரல் ஏதோ தட்டுப்பட்டது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. ஒன்றல்ல, வரிசையாக ஐந்து. உரித்தேன். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். மற்றவர்களுடையதையும் வாங்கிப் பார்த்தேன். இன்னும் நான்கில் விரிசல். நான்கிலும் பொட்டு.

யார் செய்தது என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பொன்சுதாதான் முன்னால் வந்தாள்.

"நான்தான் மிஸ் ஒட்டினேன். எல்லாத்துலயும் நான்தான். லீவுக்கு முன்னாலயே ரெண்டு வெடிச்சிருச்சு."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ஏசுவீங்கன்னு பயமா இருந்துச்சு மிஸ்."

ஏசாமல் கொஞ்சுவார்களா? ஆயர் எழுந்து நின்று பாராட்டிய வாத்தியத்தில் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். நின்று கேட்டாள், அழவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜனவரி 11

தாளாளருக்குக் கடிதம் கொடுத்தேன். 'ஐந்து கிளாரினெட்டுகள் சேதமடைந்துள்ளன. மாணவியரின் கவனக்குறைவே காரணம். குறிப்பாக 9-ஆம் வகுப்பு மாணவி பொன்சுதா சேதத்தைத் திட்டமிட்டு மறைத்துள்ளார்.' எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. மறைத்தாள் என்று அவளே சொன்னாள்.

முத்துப்பேச்சி இசை அறைக்கு வந்தாள். இந்த முறை படியில் சத்தம் கேட்கவில்லை. பக்கத்து ஆண்கள் பள்ளியில் பேசி ஐந்து பிளாஸ்டிக் கிளாரினெட் இரவல் வாங்கிவிட்டாளாம். வாங்கட்டும். பிறகு கதவருகே நின்று, அந்தத் தாளைப் பற்றித் தாளாளரிடம் தான் எதுவும் சொல்லவில்லை என்றாள்.

எந்தத் தாள் என்று கேட்டேன். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

ஜனவரி 13

பொன்சுதாவைப் பேண்டிலிருந்து நீக்கி உத்தரவு. பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்றும் போட்டிருக்கிறார்கள். சரியான முடிவு.

நாளை பொங்கல் விடுமுறை தொடங்குகிறது. அரிசி, வெல்லம் வாங்க வேண்டும். யாருக்கு என்று யோசித்து வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 16

விடுமுறை. வீட்டில் என் பழைய கிளாரினெட்டை எடுத்துத் துடைத்தேன். ஊதவில்லை.

ஜனவரி 19

பொன்சுதாவின் அம்மா வந்தாள். பெயர் மாரிச்செல்வி. தையல் கம்பெனியில் வேலை, அரை நாள் விடுப்பு போட்டு வந்திருக்கிறாள். சேலையில் வெள்ளை நூல் துணுக்குகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகள் பக்கம் ஒரு நியாயமும் பேசவில்லை. தப்புதான், தப்புதான் என்று நாலு தடவை சொன்னாள். இந்த ஜனங்களுக்கு இப்படித் தலைகுனியத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"மிஸ், அவ ஊதக்கூட வேண்டாம். லைன்ல கடைசியில ஒரு ஓரமா நின்னுக்கிடட்டும். யாருக்கும் இடைஞ்சலா இருக்க மாட்டா."

இதற்கு மேல் இன்று எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 20

எழுதித்தான் ஆக வேண்டும்.

என் அப்பாவும் இதே வார்த்தைகளைச் சொன்னார். இதே பள்ளியில், கீழே அந்த மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டு. எனக்குப் பதினான்கு வயது. பேண்டில் என்னைவிட நன்றாக ஊத ஒருத்தியும் இல்லை. புதிதாக வந்த பி.டி. டீச்சர் என் இடதுகாலையும் அதில் கட்டியிருந்த இரும்பையும் பார்த்துவிட்டு, வரிசை கோணலாகிவிடும், இந்தப் பிள்ளை மேலே அறையில் உட்கார்ந்து வாசிக்கட்டும் என்றாள். கடைசியில் ஒரு ஓரமா நிக்கட்டும், யாருக்கும் இடைஞ்சலா இருக்க மாட்டா என்று அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். போலீஸ்காரர், ஒருவரிடமும் கெஞ்சாதவர். அந்த டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று மேலே ஏறினேன். முப்பத்துமூன்று வருடமாக மனசளவில் அங்கேதான் இருக்கிறேன். நடந்துகொண்டு ஊதுவது இசையே இல்லை என்று சொல்லிக்கொண்டு. பிளாஸ்டிக் என்றால் மைதானம், மரம் என்றால் அறை. நான் அறைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன், பிள்ளைகளுக்கு அல்ல.

இன்னொன்றும் உண்டு. என் கிளாரினெட்டை அப்பா போலீஸ் பேண்டில் ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வாங்கித் தந்தார். என் கைக்கு வரும்போதே அது இருபது வருடம் ஊதிப் பழகிய மரம். புது மரத்தை என் வாழ்நாளில் நான் பழக்கியதே இல்லை. உள்ளே இரண்டு மணி நேரம் மூச்சு ஈரம், வெளியே ஏசியின் வறட்சி, அப்புறம் வெயில். உள்பக்கம் உப்பி வெளிப்பக்கம் சுருங்கினால் மரம் வெடிக்காமல் என்ன செய்யும்? ஒரு விசில்காரிக்கு அகராதியை வைத்துக்கொண்டு படித்துத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கிடைத்ததையும் கிழித்துப் போட்டேன். நான்கு எழுத்துப் பிழையாம்! முட்டாள் கழுதை. இது அவளை அல்ல.

வெடித்ததைச் சொன்னால் திட்டுவேன் என்று ஐந்து பிள்ளைகள் இத்தனை நாள் பொட்டு ஒட்டி ஊதியிருக்கிறார்கள். நான் அழவைத்த பிள்ளையின் கிளாரினெட்டும் அந்த ஐந்தில் ஒன்று.

ஜனவரி 21

தாளாளரிடம் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். கோப்பில் போட்டாயிற்று என்றார். அப்படியானால் இதையும் போடுங்கள் என்று இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். அதில் குறிப்புத்தாளைப் பற்றியும், நான் அதைக் கிழித்ததைப் பற்றியும் எழுதியிருந்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கத்துக்கு நான் என்ன பதில் சொல்வது மிஸ் என்றார். பிள்ளைகள் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள் என்றேன். என்னைப் பேண்டிலிருந்து எடுப்பதாக இருந்தால் எடுக்கலாம் என்றும் சொன்னேன். மார்ச்சில் பேசுவோம் என்றார். பொன்சுதாவின் உத்தரவைக் கிழிக்க மட்டும் ஒத்துக்கொண்டார்.

மீதி ஏழு கிளாரினெட்டுகளையும் ஏசி அறையிலிருந்து எடுத்து இசை அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். ஒழுகாத மூலையாகப் பார்த்து வைத்தேன். இனி அவை உட்கார்ந்து வாசிக்க மட்டும். மைதானத்துக்குப் பன்னிரண்டும் பிளாஸ்டிக்தான். இன்னும் ஏழு இரவல் கிடைக்குமா என்று முத்துப்பேச்சியிடம் போனில் கேட்டேன். அன்னைக்கே பன்னிரண்டும் சொல்லி வச்சிட்டேன்கா என்றாள்.

ஜனவரி 22

காலையில் கீழே இறங்கினேன்.

படி இருபத்துமூன்று. அதன்பிறகு மணல். இரும்பு மணலில் புதைந்து, ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. பேண்டு பிள்ளைகள் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முத்துப்பேச்சி ஓடிவந்து கையைப் பிடிப்பாள் என்று பயந்தேன். வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைப் பற்றி நான் எழுதியதில் பாதியை அடித்துவிடலாம்.

பொன்சுதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். நீக்கிய பிறகும் தினமும் வந்து அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாளாம்.

வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கிளாரினெட் வெடிச்சதுக்குக் காரணம் நான்தான். நீங்க யாரும் இல்ல. பொன்சுதா இல்ல. முத்துப்பேச்சி டீச்சர் எழுதி ஒட்டியிருந்தாங்க, நான் அதைக் கிழிச்சுட்டேன். என்கிட்ட சொல்லப் பயந்தீங்க பாருங்க, அதுக்கும் நான்தான் காரணம்."

வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி, வரிசையில் வந்து நில் என்றேன்.

பொன்சுதா என்னைப் பார்க்கவில்லை. முத்துப்பேச்சியைத்தான் பார்த்தாள்.

"டீச்சர், நிக்கட்டுமா?"

முத்துப்பேச்சி தலையசைத்தாள். பொன்சுதா பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். கடைசியில் ஓரமாக இல்லை, முதல் வரிசையில் அவளுடைய பழைய இடத்துக்கு. பக்கத்திலிருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். யாரோ ஒரு பிளாஸ்டிக் கிளாரினெட்டைக் கொடுத்தார்கள். முத்துப்பேச்சி விசில் அடித்தாள். என்னைக் கடந்து நடந்தார்கள்.

அவள் என்னைப் பார்க்காததில் எனக்குக் கோபம் இல்லை. அன்று என்னை அந்த டீச்சர் திரும்பக் கூப்பிட்டிருந்தால் நானும் அவள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் ஓடியிருப்பேன். இந்தக் காலோடு ஓடியிருப்பேன்.